அனாதைச் சிறுமியும் மனந்திருந்திய காதலனும்: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வெகுசன நாவல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க இலக்கியம் படிக்கும் மாணவர்களோடும், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடும் ஒரு சிறு வாசகர் வட்டத்தோடும் பல ஆண்டுகளாக இந்த நாவல்களைப் பற்றிப் பேசி வருகிறேன். முகங்கள் மாறுகின்றன, சந்தேகங்கள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைக் குறித்து வைத்திருந்தேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. என்னையே தடுமாற வைத்தவை கடைசியில் இருக்கின்றன. கதைகளின் முடிவை எங்கும் மறைக்கவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்து அமெரிக்க நாவல் என்றால் ஹாதார்னும் மெல்வில்லும்தானே? நீங்கள் சொல்பவர்களின் பெயரையே நான் கேள்விப்பட்டதில்லையே?

பாடத்திட்டத்தில் இடம்பிடித்தவர்கள் ஹாதார்னும் மெல்வில்லும். அந்தக் காலத்து வீடுகளில் இடம்பிடித்தவர்கள் வேறு. ஹாதார்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ 1850இல் வந்தபோது முதல் பதிப்பின் 2,500 பிரதிகள் பத்து நாள்களில் தீர்ந்தன. அவருக்கு அது பெரிய வெற்றி. மெல்வில்லின் ‘மோபி டிக்’ அவர் இறக்கும் வரை அமெரிக்காவில் சில ஆயிரம் பிரதிகளே விற்றது.

அதே ஆண்டுகளில் ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ (1852) முதல் ஓராண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,00,000 பிரதிகள் விற்றது. மரியா சூசன்னா கம்மின்ஸ் எழுதிய ‘தி லாம்ப்லைட்டர்’ (1854) எட்டு வாரங்களில் 40,000 பிரதிகளைத் தொட்டது. சூசன் வார்னரின் ‘தி வைட், வைட் வேர்ல்ட்’ (1850), அகஸ்டா ஜேன் எவன்ஸின் ‘செயின்ட் எல்மோ’ (1866), சவுத்வொர்த்தின் தொடர்கதைகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பெண்கள், பெண்களுக்காக எழுதியவை. இந்தப் பக்கம் அவற்றைப் பற்றியது.

எதில் தொடங்குவது?

எல்லாமே பதிப்புரிமைக் காலம் முடிந்தவை என்பதால் இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொறுமை குறைவாக இருந்தால் ஃபேனி ஃபெர்னின் ‘ரூத் ஹால்’. அத்தியாயங்கள் குட்டி குட்டியாக இருக்கும். பழைய காதல் கதையின் மயக்கம் வேண்டுமென்றால் ‘செயின்ட் எல்மோ’. இந்த வகைக்கே தாய்வீடு ‘தி வைட், வைட் வேர்ல்ட்’. ஆனால் அது நீளமானது, முதல் நூறு பக்கங்கள் கண்ணீராகவே இருக்கும். அதைக் கடந்து வருபவர்கள் பிறகு புத்தகத்தை விடுவதில்லை என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எல்லாமே ஒரே கதை என்கிறார்களே, உண்மையா?

எலும்புக்கூடு ஒன்றுதான். தாயையோ தந்தையையோ இழந்த சிறுமி, அன்பில்லாத வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். கோபத்தை அடக்கவும் கடவுளை நம்பவும் யாரோ ஒருவரிடம் கற்றுக்கொள்கிறாள். வளர்ந்து, தன் காலில் நிற்கும் நிலைக்கு வந்தபின் தகுந்த ஒருவனை மணக்கிறாள். நீனா பேம் என்ற ஆய்வாளர் 1978இல் இத்தகைய நாவல்களை ஒன்றுதிரட்டிப் படித்து, இந்தப் பொது வடிவத்தைத் தெளிவாக எடுத்துக் காட்டினார்.

ஆனால் எலும்புக்கூட்டை மட்டும் பார்த்தால் உயிர் தெரியாது. ‘தி வைட், வைட் வேர்ல்ட்’ தொடங்கும்போது நோயாளித் தாய், மகள் எலனைக் கடைக்கு அழைத்துப் போகிறாள். இனி மகளைப் பார்க்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தன் அம்மாவின் மோதிரத்தை விற்று, மகளுக்கு ஒரு வேதாகமமும், எழுதுவதற்குச் சிறு பெட்டி மேசையும், தையல் பெட்டியும் வாங்கித் தருகிறாள். தாள், மை, உறை என ஒவ்வொன்றையும் இருவரும் தேர்ந்தெடுப்பதை வார்னர் பக்கம் பக்கமாக எழுதுகிறார். அத்தை ஃபார்ச்சூன் வீட்டில் எலனின் வெள்ளைக் காலுறைகளை அத்தை கேட்காமலே சாயத்தில் முக்கிவிடுகிறாள். அம்மாவிடமிருந்து வந்த கடிதத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறாள். கொலையோ கொள்ளையோ எதுவும் இல்லை. ஒரு குழந்தையின் காலுறைக்கு நேரும் அவமதிப்பை முழுத் துயரமாக எழுத முடியும் என்று காட்டியதுதான் வார்னரின் சாதனை.

‘தி லாம்ப்லைட்டர்’ வேறு மாதிரி. பாஸ்டன் நகரத்துச் சிறுமி கெர்ட்டியின் பூனைக்குட்டியை, அவளை வளர்க்கும் நேன் கிராண்ட் என்ற பெண் கொதிக்கும் நீரில் எறிந்துவிடுகிறாள். தெருவிளக்கு ஏற்றும் கிழவர் ட்ரூ ஃப்ளின்ட் அந்தக் குழந்தையைத் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். எலன் அழுவாள், கெர்ட்டி கல்லெடுத்து நேன் கிராண்டின் ஜன்னலை உடைப்பாள். கோபத்தை அடக்குவது என்பது இருவருக்கும் ஒரே பாடம் அல்ல.

பக்கத்துக்குப் பக்கம் ஏன் இவ்வளவு அழுகிறார்கள்? எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

உங்களுக்கு மட்டும் அல்ல, அந்தக் காலத்திலேயே சிலருக்கு எரிச்சலாக இருந்தது. ஹார்ப்பர் பதிப்பகம் வார்னரின் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பியபோது, அதைப் படித்தவர் ‘வெறும் பிதற்றல்’ என்ற பொருளில் ஒற்றைச் சொல்லை எழுதி வைத்தாராம். பிறகு ஜார்ஜ் பட்னம் என்ற பதிப்பாளர் அதைத் தன் தாயிடம் படிக்கக் கொடுத்தார். நீ வேறு எதையும் வெளியிடாவிட்டாலும் இதை வெளியிடு என்று அந்த அம்மா வற்புறுத்தியதால்தான் புத்தகம் வந்தது.

கண்ணீரை ஒரு செயலாகப் பாருங்கள் என்பேன். எலனுக்குப் பணம் இல்லை, சட்டம் இல்லை, எதிர்த்துப் பேசும் உரிமை இல்லை. அழுவது ஒன்றே அவளால் முடிந்தது. அதை யாரும் பார்க்காதபோதும் கடவுள் பார்க்கிறார் என்று நாவல் உறுதியாக நம்புகிறது. பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பறிகொடுப்பது வீட்டுக்கு வீடு நடந்த காலம் அது. வாசகர்களில் பலர் தங்கள் சொந்த இழப்புக்கும் சேர்த்துத்தான் அழுதார்கள்.

இந்தப் பக்தி எங்கிருந்து வந்தது? பிரசங்கம் கேட்பது போல இருக்கிறதே?

‘இரண்டாம் பெரும் எழுச்சி’ என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லும் கிறித்தவ மறுமலர்ச்சி அமெரிக்காவில் 1790களில் தொடங்கி அடுத்த சில பத்தாண்டுகள் வீசியது. ஒவ்வொருவரும் தன் உள்ளத்தைத் தானே ஆராய்ந்து மனந்திரும்ப வேண்டும் என்பது அதன் மையம். ஞாயிறு பள்ளி, துண்டுப் பிரசுரம், மதுவிலக்குச் சங்கம் எல்லாம் அதன் கிளைகள். 1816இல் யாழ்ப்பாணம் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிகளும், 1824இல் உடுவிலில் ஹாரியட் வின்ஸ்லோ தொடங்கிய பெண்கள் பள்ளியும் அதே அலையில் வந்தவர்கள்தான் என்பதை நினைத்துக்கொண்டால் எலனின் உலகம் நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை.

பிரசங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மேடையில் ஏறிப் பிரசங்கம் செய்யப் பெரும்பாலான சபைகள் பெண்களை அனுமதிக்கவில்லை. ஸ்டோவின் தந்தையும் சகோதரர்களும் போதகர்கள். அவருக்கு நாவல்தான் மேடை. வார்னர் சகோதரிகள் ஹட்சன் ஆற்றிலுள்ள கான்ஸ்டிடியூஷன் தீவில் வாழ்ந்து, அக்கரையில் இருந்த வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களுக்கு வேதாகம வகுப்பு நடத்தினார்கள். இருவரின் கல்லறையும் அந்தக் கல்லூரியின் இடுகாட்டிலேயே இருக்கிறது. சூசனின் தங்கை அன்னா 1860இல் ஒரு நாவலுக்காக எழுதிய சிறு கவிதைதான், இயேசு என்னை நேசிக்கிறார் என்று உலகெங்கும் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் பாடும் பாட்டாயிற்று.

ஆனால் நாவல் படிப்பதே பாவம் என்று அந்தக் கிறித்தவர்கள் சொன்னார்களே?

சொன்னார்கள். கற்பனை பெண்களின் மனத்தைக் கெடுக்கும் என்று போதகர்கள் எச்சரித்தபடியே இருந்தார்கள். அதனால்தான் முந்தைய தலைமுறை நாவல்கள் தங்களை நாவல் என்று சொல்லிக்கொள்ளவே தயங்கின. சூசன்னா ரோசனின் ‘ஷார்லட் டெம்பிள்’ 1791இல் லண்டனில் வந்தபோது, அது உண்மைக் கதை என்றே தன் தலைப்பில் அறிவித்துக்கொண்டது. இளம்பெண்களை எச்சரிக்கவே எழுதினேன் என்கிறார் ஆசிரியர்.

வார்னர் தலைமுறை இன்னொரு வழி கண்டது. எச்சரிப்பதற்குப் பதில் வாழ்ந்து காட்டுவது. 1850க்குப் பிந்தைய நாவல்களில் பெண் ஏமாற்றப்படுவதில்லை, சோதிக்கப்படுகிறாள். இந்த மாற்றம் சிறியதாகத் தெரியலாம். எனக்கு இதுவே மொத்தக் கதையின் திருப்புமுனை. ஏமாறுபவளைப் பார்த்து இரக்கப்படலாம். சோதனையில் நிற்பவளோடு சேர்ந்து நிற்கத்தான் வேண்டும்.

‘கெட்டுப்போன’ பெண் ஏன் எப்போதும் செத்துப் போகிறாள்?

ஷார்லட் பதினைந்து வயது ஆங்கிலப் பள்ளி மாணவி. மான்ட்ரவில் என்ற ராணுவ அதிகாரியை நம்பிக் கப்பலேறி நியூயார்க் வருகிறாள். அவன் கைவிடுகிறான். குழந்தை பெற்றுச் சாகிறாள்; தந்தை வந்து சேரும்போது எல்லாம் முடியும் தறுவாயில் இருக்கிறது. ஹன்னா ஃபாஸ்டரின் ‘தி கொக்கெட்’ (1797) நாவலிலும் இதே முடிவு. அது 1788இல் மாசசூசெட்ஸில் ஒரு விடுதியில் தனியாகப் பிரசவித்து இறந்த எலிசபெத் விட்மன் என்ற கவிஞரின் உண்மைக் கதையை ஒட்டியது.

கதையின் நீதிப்படி சாவுதான் தண்டனை. ஆனால் வாசகர்கள் அதைத் தண்டனையாக ஏற்றுக்கொண்டார்களா? நியூயார்க்கின் ட்ரினிட்டி தேவாலய இடுகாட்டில் ‘ஷார்லட் டெம்பிள்’ என்று பெயர் பொறித்த கல் ஒன்று உண்டு. கற்பனைப் பாத்திரத்தின் அந்தக் கல்லுக்கு 19ஆம் நூற்றாண்டு முழுவதும் மக்கள் பூ வைத்து அழுதார்கள். புத்தகம் இருநூறுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. ஆசிரியர் நீதி சொன்னார். வாசகர்கள் அவளை மன்னித்துவிட்டார்கள்.

ஹாதார்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாயகி ஹெஸ்டர் சாகவில்லை என்பதையும் இந்த இடத்தில் நினைவில் கொள்ளுங்கள். களங்கத்தின் எழுத்தை நெஞ்சில் தைத்துக்கொண்டு உழைத்து வாழ்கிறாள். வெகுசன மரபு சாகடித்த பெண்ணை அவர் வாழவிட்டார். அதற்காகவே அவரை மதிக்கிறேன், கீழே அவரைக் கடிந்துகொண்டாலும்.

இந்தக் கதாநாயகிகள் கல்யாணம் என்றாலே ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள்? பிடித்திருந்தால் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே?

சட்டத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். இங்கிலாந்திலிருந்து வந்த பழைய பொதுச் சட்டப்படி, திருமணத்தோடு மனைவியின் சட்ட ஆளுமை கணவனுக்குள் அடங்கிவிடும். அவள் கொண்டுவந்த பணமும், பிறகு உழைத்துச் சம்பாதிக்கும் கூலியும் அவனுடையவை. தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது. மிசிசிப்பி 1839இலும் நியூயார்க் 1848இலும் மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை தரும் சட்டங்களை இயற்றின. அவையும் தொடக்கத்தில் கூலியைக் காக்கவில்லை.

அப்படியானால், ஒரு பெண் தன் வாழ்க்கையில் சுதந்திரமாக எடுக்கக்கூடிய பெரிய முடிவு ஒன்றுதான்: யாரை மணப்பது, யாரை மறுப்பது. அதன்பின் எல்லாம் அவன் கையில். குடிகாரனா, சூதாடியா, முன்கோபியா என்று அவள் துருவித் துருவிப் பார்ப்பது வெறும் ஒழுக்கப் பிடிவாதம் இல்லை. அவளது அன்றாடச் சோறு அதில் இருக்கிறது. இந்த நாவல்களில் நீதியும் காதலும் வேறு வேறு இழைகள் என்று பிரித்துப் படிப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ‘நல்லவனா?’ என்பதுதான் அங்கே காதலின் முதல் கேள்வி, ஏனென்றால் நல்லவனாக இல்லாவிட்டால் அவளைக் காக்க வேறு எதுவும் இல்லை.

அவர்களுடைய வாழ்க்கையே சாட்சி. வார்னரின் தந்தை 1837 பொருளாதார வீழ்ச்சியில் சொத்தை இழந்தார்; மகள்கள் எழுதித்தான் குடும்பம் நடந்தது. சவுத்வொர்த்தின் கணவர் அவரைக் கைவிட்டபோது கையில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒன்று. வாஷிங்டனில் பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டே இரவில் எழுதத் தொடங்கி, வாழ்நாளில் அறுபதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார்.

‘செயின்ட் எல்மோ’வில் அவ்வளவு கெட்டவனை ஏன் கதாநாயகன் ஆக்கினார்கள்? நல்ல பையன்கள் வரிசையில் நிற்கிறார்களே!

செயின்ட் எல்மோ மர்ரி பணக்காரன், படித்தவன், கசந்துபோனவன். உயிர் நண்பனும் தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணும் சேர்ந்து தன்னை ஏமாற்றியதால், அந்த நண்பனைத் துப்பாக்கிச் சண்டையில் கொன்றவன். பிறகு பெண்களை மயக்கிக் கைவிடுவதையே பழிவாங்கலாக்கிக்கொண்டவன். அவன் வீட்டில் வளரும் எட்னா ஏர்ல் ஒரு கொல்லனின் பேத்தி. கிரேக்கமும் எபிரேயமும் படிப்பவள். சிறு வயதிலேயே ஒரு துப்பாக்கிச் சண்டையில் ஒருவன் செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தவள்.

இதில் நம் வாசகர் வட்டத்தில் எல்லோருக்கும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அவன் பயணம் புறப்படும்போது, தாஜ்மகாலைப் போலச் செய்த ஒரு சிறு மாதிரியின் சாவியை எட்னாவிடம் கொடுக்கிறான். உள்ளே அவன் இரகசியங்கள் இருக்கின்றன, திறக்கக் கூடாது. ஆண்டுகள் கழித்து அவன் திரும்பி வரும்போது அவள் திறக்காமலே சாவியை நீட்டுகிறாள். மனிதர் யாரையும் நம்பாத ஒருவன் அங்கே உடைகிறான். தன் பாவங்கள் அத்தனையையும் சொல்கிறான். அவளும் அவனை நேசிக்கிறாள். இருந்தும் மறுத்துவிட்டு நியூயார்க் போய்விடுகிறாள். அவன் மனந்திருந்தி, போதகராகவே ஆனபின்தான் சம்மதிக்கிறாள்.

நல்ல பையன்களை மணப்பதில் அவளுக்கு வெற்றி ஏதும் இல்லை. முந்தைய கேள்வியில் சொன்ன சட்டத்தை நினையுங்கள். எல்லா அதிகாரமும் ஆணிடம் இருக்கும் உலகில், ஒரு பெண்ணின் ‘மாட்டேன்’ ஒரு ஆணை அடியோடு மாற்றுகிறது என்பது எவ்வளவு பெரிய கனவு! மோசமானவன் காலில் விழுவதுதான் அந்தக் கனவின் முழு இன்பம். ஊர்களுக்கும் வீடுகளுக்கும் ‘செயின்ட் எல்மோ’ என்றும், பெண் குழந்தைகளுக்கு எட்னா என்றும் பெயர் வைத்தார்கள். கனவுதான், நிஜத்தில் முரடன் மாறுவதை நம்பிக் காத்திருக்காதீர்கள் என்று என் மாணவிகளிடம் தனியாகச் சொல்லியும் இருக்கிறேன்.

கடைசியில் எட்னா எழுதுவதை நிறுத்திவிடுகிறாளே, அது துரோகம் இல்லையா?

எனக்கும் வலிக்கும் இடம் அது. புகழ்பெற்ற எழுத்தாளராகிவிட்ட எட்னா திருமண நாளில் மயங்கி விழுகிறாள். இனி புத்தகம் எழுதும் தளை உனக்கு இல்லை, அதை நான் அறுத்துவிட்டேன் என்கிறான் கணவன். நாவல் அதை மகிழ்ச்சியாகவே முன்வைக்கிறது.

எவன்ஸ் தாம் எழுதியபடி வாழவில்லை. 1868இல் தம்மைவிட 27 வயது மூத்தவரான லொரென்சோ வில்சனை மணந்தார். அதன் பிறகும் ‘வாஷ்டி’, ‘இன்ஃபெலிஸ்’ என்று நாவல்கள் வந்துகொண்டே இருந்தன. அதற்கு முன்பு 1860இல், நியூயார்க் பத்திரிகையாளர் ஒருவருடனான திருமண நிச்சயத்தை அரசியல் கருத்து வேறுபாட்டுக்காக முறித்துக்கொண்டவர் அவர். கதாநாயகிக்குத் தராத உரிமையைத் தமக்கு எடுத்துக்கொண்டார். நாவலின் 90 விழுக்காடு ஒரு பெண் படிப்பதையும் எழுதுவதையும் கொண்டாடுகிறது; கடைசிப் பக்கங்கள் மட்டும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. வாசகிகள் எதை நெஞ்சில் வைத்துக்கொண்டிருப்பார்கள்? முடிவைவிட நடுப்பகுதிதான் நீளம்.

எல்லாப் பெண்களும் அடங்கி நடப்பவர்கள்தானா? ஒருத்தியாவது திருப்பி அடிக்கமாட்டாளா?

கேப்பிட்டோலா இருக்கிறாள்! சவுத்வொர்த்தின் ‘தி ஹிடன் ஹேண்ட்’ 1859இல் ‘நியூயார்க் லெட்ஜர்’ வார இதழில் தொடராக வந்தது. நியூயார்க் தெருக்களில் பெண்ணாக இருந்தால் வேலையும் கிடைக்காது, பாதுகாப்பும் கிடைக்காது என்பதால், ஆண் வேடமிட்டுப் பத்திரிகை விற்றுப் பிழைத்த சிறுமி அவள். பிறகு வர்ஜீனியாவில் ஒரு கிழட்டு முன்கோபியின் வீட்டில் வளர்கிறாள். தன் நடத்தையைப் பற்றி அவதூறு பரப்பியவனைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்து, முகத்திலேயே சுடுகிறாள். சாகப் போகிறோம் என்று பயந்து அவன் பாவங்களையெல்லாம் ஒப்புக்கொள்கிறான். துப்பாக்கியில் இருந்தது காய்ந்த பட்டாணி. அந்தத் தொடரை ‘லெட்ஜர்’ வாசகர்களுக்காகப் பின்னர் இரண்டு முறை மறுபடி வெளியிட்டது.

‘ரூத் ஹால்’ (1854) இன்னும் ஆழமாக வெட்டுகிறது. கணவன் இறந்து இரண்டு பெண் குழந்தைகளோடு நிற்கும் ரூத்துக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் கைகொடுக்கவில்லை. பத்திரிகையாசிரியரான சொந்த அண்ணனே அவள் எழுத்தை ஏளனம் செய்கிறான். அவள் எழுதியே வெல்கிறாள். இது பெருமளவு ஆசிரியர் ஃபேனி ஃபெர்னின் சொந்தக் கதை. அவர் தம் முதல் நூலுக்கு மொத்தத் தொகை வேண்டாம், பிரதிக்கு 10 சென்ட் உரிமைத்தொகை போதும் என்று கேட்டு வாங்கியவர். நாவலின் முடிவருகே திருமண அழைப்பிதழ் வருவதில்லை. ரூத்தின் பெயரில் எடுத்த வங்கிப் பங்குப் பத்திரம் அப்படியே அச்சாகியிருக்கிறது. முதல்முறை அதைப் பார்த்தபோது எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது.

ஹாதார்ன் இவர்களைக் கேவலமாகத் திட்டினார் என்கிறார்களே?

1855 ஜனவரியில், லிவர்பூலில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்தபோது தம் பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறுக்கித் தள்ளும் பெண்களின் பாழாய்ப்போன கும்பலிடம் அமெரிக்கா போய்விட்டது, அவர்களுடைய குப்பை இருக்கும்வரை எனக்கு வாய்ப்பே இல்லை என்பது சாரம். ‘தி லாம்ப்லைட்டர்’ ஏன் இத்தனை பதிப்பு காண்கிறது என்றும் அங்கலாய்த்தார். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். சில நாள்களில் அவரே எழுதிய அடுத்த கடிதத்தை மறந்துவிடுவார்கள்: ‘ரூத் ஹால்’ படித்து ரசித்தேன், அந்தப் பெண் பிசாசு பிடித்தவள் போல எழுதுகிறாள், படிக்கத் தகுந்த எதையும் ஒரு பெண் எழுதுவது அந்த நிலையில் மட்டும்தான் என்று பாராட்டினார். நாகரிகப் பூச்சைக் கழற்றிவிட்டு எழுதினால் அவருக்கும் பிடித்திருக்கிறது.

‘லிட்டில் விமன்’ நாவலில் ஜோ ஏன் லாரியை மணக்கவில்லை? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

ஜோ அந்த நாவலின் எழுத்தார்வமுள்ள நாயகி, லாரி அவளைக் காதலிக்கும் பக்கத்து வீட்டுப் பையன். 1868இல் முதல் பாகம் வந்ததும் சிறுமிகள் லூயிசா மே ஆல்காட்டுக்குக் கடிதம் எழுதி, யார் யாரை மணப்பார்கள் என்று கேட்டார்கள். பெண்ணின் வாழ்வுக்கு அது ஒன்றே இலக்கு என்பது போலக் கேட்கிறார்கள், யாரைத் திருப்திப்படுத்தவும் ஜோவை லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்று அவர் தம் நாட்குறிப்பில் எழுதினார். ஆல்காட் மணம் செய்துகொள்ளவே இல்லை. ஜோ, ஆப்பிள் மரத்தில் ஏறி உட்கார்ந்து ‘தி வைட், வைட் வேர்ல்ட்’ படித்து அழுபவள் என்பது நினைவிருக்கிறதா? அந்த மரபில் ஊறியவள்தான் அதன் முடிவை மறுக்கிறாள்.

இன்னொரு பக்கமும் உண்டு. பின்னர் அவள் மணக்கும் பேராசிரியர் பேயர் கண்டித்ததால், ஜோ தன் பரபரப்புக் கதைகளை அடுப்பில் போடுகிறாள். ஆல்காட்டோ ஏ. எம். பர்னார்ட் என்ற புனைபெயரில் அத்தகைய கதைகளை எழுதிப் பணம் சம்பாதித்தார். 1940களில் ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கும்வரை அது வெளியே தெரியவில்லை. 1866இல் வந்த ‘பிஹைண்ட் எ மாஸ்க்’ படித்துப் பாருங்கள். அடக்கமான இளம் ஆசிரியையாக வீட்டுக்குள் நுழையும் ஜீன் மியூர், இரவில் தனியறையில் பொய்முடியையும் பொய்ப்பற்களையும் கழற்றி வைக்கிறாள்; உண்மையில் முப்பது வயது நடிகை. சாந்தம், பணிவு, கண்ணீர் என்று எலன் உயிரைக் கொடுத்துக் கற்ற எல்லாவற்றையும் வேடமாகப் போட்டு, அந்தக் குடும்பத்தின் செல்வந்தரையே மணக்கிறாள். தண்டனையும் இல்லை.

விமர்சகர்கள் இவற்றை மதிக்கிறார்களா, இல்லையா?

சண்டை நடந்தது. 1977இல் ஆன் டக்ளஸ், இந்தக் கண்ணீர் இலக்கியம் அமெரிக்கச் சிந்தனையை மென்மையாக்கிக் கெடுத்துவிட்டது என்று வாதிட்டார். 1985இல் ஜேன் டாம்கின்ஸ், உலகத்தை மாற்றக் கிளம்பிய எழுத்தை அழகியல் தராசில் மட்டும் நிறுக்காதீர்கள் என்று பதில் சொன்னார். நான் டாம்கின்ஸ் பக்கம். ஆனால் டக்ளஸைப் படித்தபின்தான் என் அன்புக்குக் கண் திறந்தது.

‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ அரசியல் நாவல் ஆயிற்றே, அதை ஏன் இந்தக் கூட்டத்தில் சேர்க்கிறீர்கள்?

ஏனென்றால் அதன் அரசியலே குடும்பக் கதையின் மொழியில்தான் பேசுகிறது. ஒஹையோ செனட்டர் பேர்ட், தப்பிவரும் அடிமைகளுக்கு உதவக் கூடாது என்ற சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். மனைவி வாதாடுகிறாள், அவர் தர்க்கம் பேசுகிறார். அப்போது குழந்தையோடு தப்பிவந்த அடிமைப் பெண் எலைசா வாசலில் வந்து விழுகிறாள். உங்களுக்குக் குழந்தை எதுவும் இறந்திருக்கிறதா என்று அவள் கேட்கிறாள். அந்த வீட்டில் ஒரு மாதத்துக்கு முன்புதான் ஒரு மகனைப் புதைத்திருக்கிறார்கள். தாய் பூட்டி வைத்த இழுப்பறையைத் திறந்து, இறந்த பிள்ளையின் சின்னச் சட்டைகளை அடிமைத் தாயின் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். செனட்டர் அன்றிரவே வண்டி பூட்டிச் சட்டத்தை மீறுகிறார்.

ஸ்டோவின் கைக்குழந்தை சார்லி 1849இல் சின்சினாட்டி காலராவில் இறந்தான். பிள்ளையைப் பறிகொடுக்கும் அடிமைத் தாய்க்கு எப்படியிருக்கும் என்பதை அவன் மரணப் படுக்கையருகே கற்றேன் என்று ஸ்டோ சொன்னார். அழுகை பற்றி மேலே சொன்னது இங்கே தன் முழு வலிமையில் வேலை செய்கிறது. அதே புத்தகம் கறுப்பின மக்களைச் சில வார்ப்புகளுக்குள் அடைத்ததும், கடைசியில் எலைசாவையும் அவள் கணவன் ஜார்ஜையும் ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியாவுக்கு அனுப்பிவைத்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது.

தூய்மை, அடக்கம் என்ற இந்த நீதி, அடிமையாக இருந்த பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும்?

பொருந்தாது. அதைப் பொருந்தாது என்று வெள்ளை வாசகிகளின் முகத்துக்கு நேரே சொன்னவர் ஹாரியட் ஜேக்கப்ஸ். 1861இல் லிண்டா ப்ரென்ட் என்ற பெயரில் அவர் வெளியிட்டது நாவல் அல்ல, தன்வரலாறு. ஆனால் இந்த நாவல்களின் வாசகிகளை நோக்கி, அவர்கள் பழகிய நடையிலேயே எழுதப்பட்டது. வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில், உரிமையாளனின் பாலியல் தொல்லையிலிருந்து தப்ப, வேறொரு வெள்ளையருடன் உறவு கொண்டு இரு பிள்ளைகள் பெற்றார். பிறகு பாட்டி வீட்டின் கூரையடியில், நிமிர்ந்து நிற்க முடியாத பொந்தில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தார்.

அந்த உறவைப் பற்றி எழுதும்போது வெட்கப்படுகிறார், மன்னிப்புக் கேட்கிறார். உடனே, அடிமைப் பெண்ணை மற்றப் பெண்களை அளக்கும் அதே அளவுகோலால் அளக்கக் கூடாது என்கிறார். ‘கெட்டுப்போன பெண்’ சாக வேண்டும் என்ற கதை அந்த ஒரு வாக்கியத்தில் இடிந்து விழுகிறது. முடிவில் இன்னொன்று சொல்கிறார்: வாசகரே, என் கதை வழக்கம்போலத் திருமணத்தில் முடியவில்லை, விடுதலையில் முடிகிறது. எலன், கெர்ட்டி, எட்னா எல்லோரும் நின்ற இடத்துக்கு வெளியே நின்று அவர் அதைச் சொன்னார்.

அப்படியானால் அடிமைமுறையை ஆதரித்த எவன்ஸின் ‘நீதி’யை எப்படிப் படிப்பது?

இதற்குத்தான் நான் இன்னும் தடுமாறுகிறேன். எவன்ஸ் அலபாமாவின் மொபீல் நகரத்தவர். உள்நாட்டுப் போரில் தெற்கின் பக்கம் உறுதியாக நின்றவர். 1864இல் வந்த அவரது ‘மக்காரியா’ தெற்கத்திய படைக்கான பிரசாரமே. பெண்களின் வாக்குரிமையையும் எதிர்த்தார். மேலே நான் கொண்டாடிய எட்னாவை உருவாக்கியதும் அதே கைதான்.

ஒருமுறை வாசகர் வட்டத்தில் ஒரு பாட்டியம்மா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ‘செயின்ட் எல்மோ’வை முடித்துவிட்டு வந்து கேட்டார்: “அந்தப் பெண் ஒரு மனிதனைக் கொன்றவனை மணக்க மாட்டேன் என்று நானூறு பக்கம் அழுதாளே, அந்த வீட்டில் சமைத்துப் போட்டவர்களைப் பற்றி ஒருநாளாவது யோசித்தாளா?” நாங்கள் புத்தகத்தை மறுபடி புரட்டினோம். வேலையாட்கள் கதவு திறக்கிறார்கள், விளக்கு கொண்டுவருகிறார்கள், சேதி சொல்கிறார்கள். எட்னா கிரேக்கம் படித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் ஜேக்கப்ஸை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்து கலைந்தோம். இப்போதெல்லாம் இந்த இரண்டு புத்தகங்களையும் நான் தனித்தனியாகக் கொடுப்பதில்லை.